சொல்லுக் கேட்ட சூறாவளி

ரேடார் திரையில் வளையம் தெரிந்தால் அது சூறாவளி, நடுவில் இருட்டாக இருந்தால் அது சூறாவளியின் கண். பயிற்சியில் நித்திரை கொள்ளாமல் நான் கேட்ட பாடம் இது ஒன்றுதான். அதை முழுசாக நம்பினேன்.

எழுபதுகளில் ஒரு மார்கழி. திருகோணமலையில் மாரி மழையை ரேடாரில் பார்ப்பது என் வேலை. துளி விழும் வேகத்தையும் காட்டும் டொப்ளர் ரேடாரை நாங்கள் புத்தகத்தில்தான் கண்டிருந்தோம். எங்களுடையது மழை எங்கே என்று மட்டும் சொல்லும் பழைய பெட்டி. அன்று காலை அன்டெனாவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தேன். திரையில் பளிச்சென்று ஒரு வளையம். அதன் நட்டநடுவில் எங்கள் அலுவலகம்.

நிலையப் பொறுப்பதிகாரியிடம் ஓடினேன்.

"சூறாவளி சேர்! கண் எங்கட தலைக்கு மேல நிக்குது!"

அவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். தூறல்தான். கொடியில் கிடந்த சாரம்கூட ஆடவில்லை.

"காத்தே இல்லையே ஐசே?"

"கண்ணுக்குள்ள காத்து இராது சேர்."

அவர் முகம் வெளிறிவிட்டது. அதன்பிறகு காற்று குறையக் குறைய எங்கள் பயம் கூடியது. கிண்ணியாத் துறைக்கு அறிவித்து, ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் 'பாதை' என்ற மிதவையை நிறுத்துவித்தோம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சாரதி மர்சூக் புது உடுப்போடும் முகம் நிறையப் பூசிய ஸ்னோ கிரீமோடும் பயணம் சொல்ல வந்தார். அன்று பகல் கிண்ணியாவில் அவருக்கு நிக்காஹ்.

"பாதை ஓடாது மர்சூக். மேசைக்குக் கீழ வாங்க!" என்றார் அதிகாரி.

"என்ன கதை சேர் இது? நான் போகாட்டி மாமா மாப்பிள்ளைக் கதிரையில வேற ஆள இருத்திருவார்!"

"உயிரோட இருந்தாத்தானே நிக்காஹ்?"

மூவரும் மேசைக்குக் கீழே. மாப்பிள்ளையின் அத்தரில் எனக்கு மூச்சு முட்டியது. பொறுக்க முடியாமல் அதிகாரி தவழ்ந்து போய் அன்டெனாவை இன்னும் நிமிர்த்தினார். வளையம் சுருங்கியது.

"கிட்ட வருகுது!" என்று கத்தினேன்.

அன்டெனாவைத் தாழப் பதித்தார். வளையம் விரிந்தது.

"போகுது சேர், போகுது!"

நிமிர்த்தினார். வந்தது. பதித்தார். போனது.

"ஐசே," என்றார் அவர் மெதுவாக, "சூறாவளி என்ட சொல்லுக் கேக்குது."

பிறகு தலையில் கை வைத்தார். "இது சூறாவளி இல்ல. மேல வானத்தில ஸ்னோ உருகுது!"

பாதையை ஓடவிட்டோம். மர்சூக் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார். வாசலில் மாமா மறித்தாராம்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ஸ்னோவால மாமா."

மாமா அவர் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார். "பூசினது போதும். வந்து இருங்க மாப்பிள்ள."

இளையவர்களே, வளையம் கண்டால் முதலில் அன்டெனாவை ஆட்டிப் பாருங்கள். அன்று நடந்தது இவ்வளவுதான்: வெகு உயரத்தில் உறைபனி உருகி மழையாகிக்கொண்டிருந்தது. உருகும் பனி ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும். எல்லாப் பக்கமும் அது ஒரே உயரத்தில் உருகுவதால் வளையமாகத் தெரிந்தது. அன்டெனாவை நிமிர்த்தினால் கதிர் கிட்டவே அந்த உயரத்தைத் தொடும், வளையம் சுருங்கும். கீழே தூறியது.