பெண் பிள்ளைகளுக்கென்று வந்த செங்கல்

திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் ஐம்பதுகளின் நடுவில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். அதுவரை பையன்கள் மட்டுமே படித்த பள்ளி. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் பெண் பிள்ளைகளையும் சேர்த்தோம். பதினாலு பேர் வந்தார்கள். அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டுக்குள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய் வருவார்கள். திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தையல் டீச்சர்தான் பள்ளியில் இருந்த ஒரே பெண் ஆசிரியை. அவர் விடாமல் கேட்டதால், பள்ளியை நடத்திய ஜில்லா போர்டுக்கு எழுதினேன். அனுமதி வந்தது. பெண் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியில் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும், அதற்குத் தலைமையாசிரியரே பொறுப்பு என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. ஆவணி மாதம் செங்கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கின.

அந்தச் சமயத்தில்தான் புது வகுப்பறைத் திறப்பு விழா வைத்தார்கள். மதுரையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருவதாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் என் அறைக்கு வந்தார்கள்.

"மேடை இல்லாம பெஞ்சைப் போட்டா உக்கார வைக்கிறது? கல்லுதான் கெடக்கே சார். கக்கூஸைப் பொறவு கட்டிக்கிட்டா ஆச்சு. சோளக்காடு எங்க ஓடியா போகுது?" என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடை பத்து நாளில் எழும்பியது. தையல் டீச்சர் வந்து, "அது பிள்ளைகளுக்கு வந்த கல்லு சார்" என்றார். "பொங்கல் கழியட்டும் டீச்சர், பார்த்துக்கலாம்" என்றேன். விழாவில் அந்த மேடையிலிருந்து பெண் கல்வியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அடுத்த மாதம் போர்டிலிருந்து, வேலை முடிந்ததா என்று கேட்டுத் தாள் வந்தது. 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீக்கிரம் கட்டிவிடத்தானே போகிறோம் என்றிருந்தது.

தையில் சோளம் அறுத்தார்கள். காடு வெட்டவெளியாகிவிட்டது.

நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், அகரம் பக்கத்திலிருந்து நடந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். மல்லிகைத் தோட்டக்காரர் மகள். விடியலில் பூப் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். நான் அந்த வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். நான் பலகையில் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவாள். மாசி மாதம் ஒருநாள் மத்தியானம், பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நினைத்தேன். டீச்சரைக் கூப்பிட்டு, "சோறு கொண்டு வந்தாளான்னு கேளுங்க" என்றேன்.

"சோறு தின்னுட்டா சார். காலையில இருந்து ஒரு பொட்டுத் தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போவா? எந்தப் பிள்ளையும் குடிக்கிறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "நானும்தான்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கியது. "இதையெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டேன். பொறுப்பு யாருடையது என்று உத்தரவில் படித்தவன் கேட்ட கேள்வி அது.

பிறகு அந்தப் பெண் வரவில்லை. அவளோடு சேர்த்து ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒரு மாதம் கழிந்ததும் விதிப்படி பெயர்களை அடித்தேன். அந்த விதியை மட்டும் தவறாமல் கடைப்பிடித்தேன்.

பங்குனியில் கல்வி அதிகாரி சோதனைக்கு வந்தார். எல்லாம் பார்த்து முடித்து, "பெண்களுக்குக் கட்டினது எங்கே?" என்று கேட்டார். நாக்கு தானாகப் பேசியது. "கட்டினோம் சார், ஐப்பசி மழையில சரிஞ்சிருச்சு. லீவுல திரும்பக் கட்டறோம்."

அவர் தையல் டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். என்ன பார்வை பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அவர் வேலை என் கையில் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார்" என்றார்.

ஜீப் போனதும் நன்றி சொல்லப் போனேன். அவர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகச் சொல்லல சார். நெசத்தைச் சொன்னா உங்களை எதுவும் செய்ய மாட்டாங்க. பொம்பளைப் பிள்ளைகளை எடுத்ததாலதானே இம்புட்டுத் தொல்லைன்னு மிச்சம் இருக்கிற ஒம்பது பேரையும் அனுப்பிருவாங்க. அதுக்குத்தான் பொய் சொன்னேன்."

மறுநாள் சனிக்கிழமை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்து கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். "சார் வீடு தேடி வந்திருக்கீக" என்று பூரித்துப் போனார். அம்மாவுக்கு அந்தப் பூரிப்பு இல்லை.

"நீர்க்கடுப்பு வந்து ரெண்டு வாரம் துடிச்சுப் போனா சார். ஒரு நா அடக்க முடியாம அறுத்த காட்டுல உக்காந்திருக்கா. பயலுக கல்லை விட்டு எறிஞ்சு சிரிச்சிருக்காக. இனி எப்படி அனுப்ப?"

அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று நான் சத்தமாகக் கேட்டேன், "இத்தனை நாள்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா?"

"டீச்சர் சொன்னாகளே சார்" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

கோடை விடுமுறை முழுக்க ஊருக்குப் போகாமல் நின்று கட்டினேன். கல்லும் மண்ணும் வைத்து நாலு சுவர், தகரக் கதவு, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த முணுமுணுப்பைத் தாங்கியிருந்தால் போதுமாயிருந்தது. ஆனியில் பள்ளி திறந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா இளைய மகளைச் சேர்க்கக் கூட்டி வந்தாள். பெரியவளையும் அனுப்பச் சொன்னேன். "அவளுக்குப் பரிசம் போட்டாச்சு சார்" என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

அதிகாரிக்கு உண்மையை எழுதிவிட வேண்டுமென்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் முதல் பத்தியிலேயே என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் காரணங்களாக வந்து விழுந்தன. கிழித்துப் போட்டேன். மூன்றாவது தடவை உட்காரவில்லை. என் பெயரில் ஒரு கீறலும் விழாமல் பதவி உயர்வும் வந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நத்தம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "சார்" என்று ஒரு குரல். அவள்தான். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பக்கத்தில் நின்ற கணவனைத் தொட்டு, "எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த சாரு, எங்க ஹெட்மாஸ்டர்" என்றாள். குரலில் ஒரு பொட்டுக் கசப்பு இல்லை. அந்த மனிதன் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, இரண்டு கையும் சேர்த்து என்னைக் கும்பிட்டான். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.