அறுபத்து நான்காம் ஜாடிக்கு ஒரு ஜோடி

சக்கர நாற்காலியின் பெல்ட்டை இறுக்கி, அதில் உட்காரவைத்த ஜாடி ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாடியக்கா தள்ளத் தொடங்குவார். உடற்கூறியல் அறையிலிருந்து ஸ்கேன் அறைக்கு நீண்ட வராந்தா. நோயாளி என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள், ஃபார்மலின் திரவத்தில் மிதக்கும் நுரையீரலைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் ஒதுங்குவார்கள்.

ஸ்கேன் எடுப்பவருக்கு இது வாராவாரம் வேடிக்கை. “மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொல்லட்டுமாக்கா?”

“அது மூச்ச விட்டு முப்பது வருஷமாச்சு. நீ பட்டன அமுக்கு.”

மருத்துவக் கல்லூரியில் பதப்படுத்திய உறுப்புகளைப் பராமரிப்பது அக்காவின் வேலை. ஜாடியில் இருப்பதை மாணவர்கள் அச்சு அசலாக வரைந்துவிடுவார்கள். அதையே ஸ்கேனில் காட்டினால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால் ஒவ்வொரு ஜாடிக்கும் பக்கத்தில் அதன் ஸ்கேனையும், உயிரோடிருக்கும் ஒருவரின் ஸ்கேனையும் மாட்ட ஆரம்பித்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

அறுபத்து நான்காம் ஜாடிக்கு மட்டும் ஜோடி அமையவில்லை. அதில் இருந்தவை, பிறவியிலேயே கீழே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குதிரை லாடம்போல் வளைந்த இரண்டு சிறுநீரகங்கள்.

போன வருடம் அக்காவுக்கே வயிற்றுவலி. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் தயங்கித் தயங்கி, “உங்க கிட்னி ரெண்டும் ஒட்டியிருக்கும்மா” என்றார். கூடப் போன கணவர் வெலவெலத்துப் போனார். அக்கா துள்ளி எழுந்தார்.

“அட, நம்ம அறுபத்துநாலு! படத்துல ஒரு காப்பி குடுங்க டாக்டர்.”

வலி வெறும் அஜீரணம். படம் மறுநாளே சுவரேறியது. யாருடையது என்று மட்டும் அவர் மூச்சு விடுவதில்லை. “சொன்னா பசங்க படத்த விட்டுட்டு என்னையவே பார்ப்பாங்க.”

சென்ற வாரம் முதலாண்டு மாணவி ஒருத்தி அந்தப் படத்தின் முன் நின்றவள் நகரவே இல்லை. மற்றவர்கள் போனபின் மெல்லக் கேட்டாள்: “இவங்க... இப்ப இருக்காங்களாக்கா?”

“ஏம்மா கேக்கற?”

“எனக்கும் இப்படித்தானாம். போன மாசம் சொன்னாங்க. அதுலேர்ந்து அம்மா சரியாவே சாப்பிடறதில்ல.”

அக்கா கையுறைகளைக் கழற்றிப் போட்டார்.

“இருக்கேன்மா. அம்பத்திரண்டு வயசாகுது. ரெண்டு பிள்ளையும் பெத்தாச்சு.”

அவள் கையைப் பிடித்து இழுத்து, தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.