பேர்னா, ஷாஃப்ஹவுசனா: ஒரு சலவைக்கூடம் பிழைத்த கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சுவிசின் சின்ன நகரமான ஷாஃப்ஹவுசனில், முதியோர் இல்லம் ஒன்றின் நிலக்கீழ் அறையில், உடைந்த மேசை கதிரைகள் குவிந்து கிடந்த இடத்தில், ஒரு சலவைக்கூடத்தை உண்டாக்கினேன். ஒரு மெஷின் மூன்றானது என்னால். விரிப்புகளை உருட்டி அழுத்தும் மாங்கல் வந்தது என்னால். எழுபது முதியவர்களின் காலுறைகள் சோடி மாறாமல் போய்ச் சேர நிறவாரியாகப் பெட்டி வைத்தவன் நான். ஒவ்வொரு உடுப்பின் கழுத்திலும் பெயர்ப்பட்டி ஒட்டும் முறையைக் கொண்டுவந்தவனும் நானே. ஜெர்மன் எழுத்தை நான் படித்ததே அந்தப் பட்டிகளில்தான்.

"உடுப்புத் தோய்க்கிறன் எண்டு ஊரில சொல்லிப்போடாதை, மானம் போயிடும்" என்றார் மச்சான் டெலிபோனில். அவருடைய வெள்ளை வேட்டியை யார் தோய்ப்பது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

சுவிசுக்கு வருகிறவர்கள் தலைநகரமான பேர்னுக்குப் போகவா, சின்ன நகரத்துக்குப் போகவா என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக என் வேலையின் கடைசி வருடத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

1. கோப்பியோடு வந்த செய்தி

எங்கள் மேலாளர் ஃப்ராவ் கெல்லர் கீழே வந்தார். இங்கே ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. கையில் இரண்டு கோப்பி. அவர் கோப்பி கொண்டுவந்தால் நல்ல செய்தி இல்லை.

"ஹெர் ராசா, குளிர் முடிந்து நீங்கள் ஓய்வு பெற்றதும் இந்தச் சலவைக்கூடத்தை மூடுகிறோம். உடுப்புகள் வெளியே பெரிய தொழிற்சாலைக்குப் போகும். உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லையே."

"ஆள் நான் தாறன்."

"குளிர் முடிவதற்குள்ளா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். விளங்கிக்கொண்டார்.

அவர் போனபின் மாங்கலின் முன் நின்றேன். விரிப்பு ஒன்று வெண்மையாய் வெளியே வந்துகொண்டிருந்தது. நீராவிக்குள் அந்த அறை இல்லாமல் போவதை ஒரு கணம் கண்டேன். பிறகு நீராவி விலகியது, அறை இருந்தது.

2. பேர்னில் ஒரு ஞாயிறு

தெரிந்தவர்கள் மூலம் நான் கண்டுபிடித்த ஆள் வசந்தி. இத்தாலியில், பலெர்மோ நகர ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு வருடம் அயர்ன் பிடித்தவர். கணவர் இறந்தபின், இத்தாலியக் கடவுச்சீட்டோடும் பன்னிரண்டு வயது மகளோடும் சுவிசுக்கு மாற நினைத்தார். பேர்னில் பெரிய ஹோட்டல் ஒன்று அவரைக் கேட்டிருந்தது. நான் ஷாஃப்ஹவுசனுக்குக் கேட்டேன். இங்கே வேலை கொடுக்க முன் ஒரு நாள் செய்யவைத்துப் பார்ப்பார்கள், ஷ்னுப்பர்டாக் என்பார்கள். அவருக்குச் சனிக்கிழமை பேர்ன், திங்கள் எங்கள் இடம்.

நடுவில் இருந்த ஞாயிறன்று நானே அவருக்கு பேர்னைச் சுற்றிக் காட்டினேன். பெரிய ஊரைப் பார்த்தால்தான் சின்ன ஊரின் அருமை தெரியும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிழையாகிவிட்டது. அன்றைக்கென்று அப்படி ஒரு வெயில். ஆரெ ஆறு பச்சைக் கண்ணாடி மாதிரி ஊரைச் சுற்றிப் போனது. கல் வளைவுகளுக்குக் கீழே நிழலிலேயே நடந்தோம். எனக்கே கால் நிலத்தில் படவில்லை.

"தலைநகரம் எண்டால் சத்தம் வேண்டாமோ அண்ணை? தேர் முடிஞ்ச மற்ற நாள் வீதி மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார் வசந்தி. ஆனால் அங்கே இருந்த எங்கள் ஆட்களின் கோயிலைப் பார்த்தார். பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றி விசாரித்தார். தமிழ்க் கடையில் முருங்கைக்காயை எடுத்து மணந்து பார்த்தார். ஒவ்வொன்றும் என் கணக்கில் கழிந்துகொண்டே போனது.

ஷாஃப்ஹவுசனுக்குத் திரும்பும் ரெயிலில் கேட்டார்: "அண்ணை, உங்கட சொந்தத் தங்கச்சி எண்டால் எங்க போகச் சொல்லுவியள்?"

ஷாஃப்ஹவுசன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பேர்ன்" என்றேன். "பிள்ளைக்கு அங்க தமிழ்ப் பிள்ளையள் இருக்கும்."

வெளியே வயல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. சலவைக்கூடம் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது.

3. மூடுபனியில் ஒரு பொத்தான்

திங்கட்கிழமை ஷாஃப்ஹவுசனைக் காணவில்லை. அவ்வளவு மூடுபனி. கோட்டையும் இல்லை, திராட்சைத் தோட்டமும் இல்லை. ரைன் ஆற்றின் சத்தம் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"அண்ணை, ஊரை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"பின்னேரம் எடுத்துத் தாறன், வாங்கோ."

அன்று தனிக்கூடை ஒன்று இருந்தது. மூன்றாம் மாடியில் இருந்த ஒரு தாய் முந்தின கிழமை காலமாகிவிட்டார். இறந்தவரின் உடுப்பை மற்றவர்களுடையதோடு சேர்க்காமல் தனியாகத் தோய்த்து, அயர்ன் பிடித்து, பொத்தானெல்லாம் பூட்டிக் குடும்பத்திடம் கொடுப்போம். இதுவும் நான் கொண்டுவந்த முறைதான். எவரும் கேட்டதில்லை; எவரும் வேண்டாம் என்றதும் இல்லை.

வசந்தி ஒரு நீலச் சட்டையை எடுத்தார். கழுத்துப் பட்டியில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இவதானோ?"

"ஓம். இந்த நீலச் சட்டை தோய்ச்சு வராத நாளில கீழ வந்து என்னை ஏசுவா."

சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. வசந்தி தன் கைப்பையில் ஊசி தேடினார். என் பொத்தான் டப்பாவைக் கொட்டி, அதே நீலம் கிடைக்கும்வரை கிளறினார். மெஷின்கள் சுற்றின. கண்ணாடிக்கு வெளியே பனி, உள்ளே நீராவி. நடுவில் ஒரு பெண், தான் கண்டிராத கிழவிக்குப் பொத்தான் தைக்கிறாள். நான் காலுறை சோடி சேர்க்கவே மறந்து நின்றேன்.

பின்னேரமும் பனி விலகவில்லை. வாசலில் சப்பாத்து மாட்டும்போது சொன்னார்: "அண்ணை, நான் இஞ்ச வாறன்."

"நேற்று நான் பேர்ன் எண்டெல்லோ சொன்னனான்?"

"சொன்னியள். அதாலதான் உங்கட சொல்லை நம்பலாம் எண்டு தெரிஞ்சுது. சனிக்கிழமை அங்க மடிச்ச விரிப்பு ஒண்டிலயும் ஒரு பேரும் இல்லை. கோயிலுக்கு ரெயில் இருக்குத்தானே. பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்."

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஊரின் அளவைப் பார்க்காதீர்கள். உங்கள் கை எந்த வேலையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறதோ, அந்த வேலை இருக்கிற ஊரில் இருங்கள்.

4. என் பங்கு

சலவைக்கூடம் இன்றும் ஓடுகிறது. என் பிரியாவிடையில் ஃப்ராவ் கெல்லர் வசந்திக்கும் இல்லத்துக் குழுவுக்கும் நன்றி சொன்னார். எனக்கு ஒரு கூடை பாற்கட்டியும் ஒரு நடைத்தடியும் தந்தார். இல்லத்தின் சஞ்சிகையில், சலவைக்கூடத்தை இல்லம் அமைத்தது என்று எழுதியிருந்தது. இல்லம் கதிரைதான் அடுக்கியிருந்தது. அமைத்தது நான்.

எழுபது பேருடைய உள்பனியனிலும் பெயர் இருக்கிறது. அந்த அறையில் என் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஃப்ராவ் கெல்லருக்கும் வசந்திக்கும் இதன் மூலம் அறியத் தருகிறேன்: சஞ்சிகையின் அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும். வாசற்கதவில் ஒரு பட்டி ஒட்ட வேண்டும். "ஹெர் ராசா" என்று சுருக்கக் கூடாது. கந்தையா இராசலிங்கம், முழுதாக. தொண்ணூறு டிகிரியில் தோய்த்தாலும் போகாத பட்டி எந்த மேசை லாச்சியில் இருக்கிறது என்று வசந்திக்குத் தெரியும்.