வெளிக் கொண்டி

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் நூறு பேர் இருந்தாலும் அருணகிரி போடும் பின்கதவு தனியாகத் தெரியும். கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டி, உள்ளங்கையால் ஓர் அடி அடித்தால் போதும். அசாமில் போய்த் திறக்கிற வரைக்கும் அசையாது. பதினாறு வயதில் பட்டறைக்குள் நுழைந்தவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு. திறந்து கிடக்கிற வண்டிக் கதவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. யார் வண்டியாக இருந்தாலும் போகிற போக்கில் சாத்திக் கொண்டி போட்டு, பாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்வார். ஒரு கல்யாணத்தில் வாழை இலைக் கட்டுகளை இறக்குவதற்குள் வண்டியைச் சாத்திவிட்டு எங்கோ போய்விட்டார். கொண்டியைத் திறக்கத் தெரியாமல் பந்தி அரை மணி நேரம் காத்துக் கிடந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

இத்தனை வண்டிகளை ஊர் ஊராக அனுப்பியவரின் மனைவி சாலம்மாள் பழனிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க கட்டுன வண்டியெல்லாம் தேசத்தையே சுத்திட்டு வருது. அதுல ஒண்ணுல என்னையும் ஏத்திட்டுப் போயிருக்கலாமில்லீங்க?"

குறையாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சுக்குச் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்று தைத்தது. மறுநாளே இரும்பு வாங்கப் போய்விட்டார்.

மகன் அறிவின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு ஒன்று கட்டினார். பதினான்கு அடி நீளம். உள்ளே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணி மாற்ற ஒரு மூலையில் திரை. ஜன்னலுக்கு அரை அங்குலக் கம்பி. "திருடன் தலைகீழா நின்னாலும் உள்ள வர முடியாது பாரு" என்று மார் தட்டிக்கொண்டார். கதவு அவருடைய பேர்போன கதவு. தடித்த தகடு, சுற்றிலும் ரப்பர், வெளியே கொண்டி. உள்பக்கம் இழுத்துச் சாத்த ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். லோடு எந்த ஊரில் உள்ளேயிருந்து கதவைத் திறந்திருக்கிறது? பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பாராட்டினார்கள். ஒரு மனுஷனுக்காவது உறைத்ததா என்றால் இல்லை. எல்லோருக்கும் அதே லோடு ஏற்றுகிற புத்தி.

பயணம் கிளம்பிய பிறகாவது தெரிந்திருக்க வேண்டும். இரவில் சாலம்மாளும் மருமகள் சௌமியாவும் உள்ளே படுக்கும்போது கைப்பிடியைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டுதான் தூங்கினார்கள். அப்பனும் மகனும் பிக்கப்பில் தார்ப்பாய்க்கு அடியில். அந்தக் கயிறு பதினோரு ராத்திரி கண்ணெதிரே தொங்கியது.

ஆனால் நல்ல பயணம். மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கரையோரமாகவே மேலேறிச் சிதம்பரம், புதுச்சேரி. கன்னியாகுமரியில் சாலம்மாள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் நின்றவள், கூப்பிடக் கூப்பிட வரவில்லை. திருநெல்வேலியைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்ற லாரியைப் பார்த்ததும் அருணகிரி வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் போட்ட கதவு. எப்படிச் சாத்துவது, எப்படித் திறப்பது என்று மனைவிக்குச் செய்து காட்டினார். ரப்பர் கொண்டியை நெம்பிப் பிடித்திருக்கும். கதவை உள்ளுக்கு அழுத்திக்கொண்டு தூக்கினால்தான் வரும். அவளும் ஒருமுறை செய்து பார்த்தாள்.

"இத்தனை சூதானமா ஒரு கதவுங்களா!" என்றாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஆத்தூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். அயோத்தியாப்பட்டணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. எதிர்ப்பக்கம் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. சௌமியாவும் அறிவும் ரோட்டைக் கடந்து போனார்கள். அருணகிரி கொக்கியையும் டயரையும் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆளைக் காணோம். சாலம்மாள் மருமகளோடு கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். நினைத்தாரா என்பதுகூடச் சந்தேகம்தான். கை அதற்குள் வேலையை முடித்திருந்தது. சாத்தினார், கொண்டி போட்டார், ஓர் அடி. பாடியில் இரண்டு தட்டு. ரோட்டைக் கடந்தார்.

நாலு டீ வந்தது. மூன்று பேர் குடித்தார்கள். நாலாவது டீ பெஞ்சின் மேல் இருந்தது. அதன்மேல் ஆடை படர்வதை அருணகிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா எங்க சாமி?" என்று மருமகளைக் கேட்டார்.

"அத்தை வண்டியிலதானுங்க மாமா இருக்காங்க. ஊடு போறப்ப நல்ல சேலையில போகோணும்னு திரைக்குப் பின்னால மாத்திட்டு இருந்தாங்க. முட்டிக்கு ஒத்தடம் குடுக்கோணும்னு வெந்நி வேற வெச்சிருந்தாங்க."

அருணகிரி பெஞ்சை விட்டு எழுந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

எப்படி ரோட்டைக் கடந்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஒரு பஸ் பிரேக் அடித்து நின்றது என்று பிறகு அறிவு சொன்னான். கொண்டியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. எப்படி வரும்? வரக் கூடாது என்றுதானே முப்பத்தெட்டு வருஷமாகக் கட்டினார். இரண்டு கையாலும் இழுத்தார், காலால் உதைத்தார், கெட்ட வார்த்தையில் திட்டினார். கதவை அழுத்த வேண்டும் என்பது அவருக்கே மறந்துபோய்விட்டது. மனிதர் தன் கதவைத் தானே திறக்கத் தெரியாமல் நின்றார்.

உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவே குரல் வந்தது.

"ஏனுங்க... உதைக்காதீங்க. நான் உள்ள இழுத்துப் புடிச்சுக்கறேன். நீங்க தூக்குங்க."

கதவு ஒரு நூல் அளவுக்கு உள்ளே போனது. கொண்டி எழும்பியது. புகையோடு சேர்ந்து அவளும் அவர் மேலேயே வந்து விழுந்தாள். பாதி கட்டிய புதுச்சேலை, முகமெல்லாம் கரி. அடுப்போரம் வைத்திருந்த துண்டில் தீப்பிடித்து, திரைக்குத் தாவி, மெத்தைக்குப் போயிருக்கிறது. கையாலேயே அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறாள். உள்ளங்கைத் தோல் வழன்றிருந்தது. அந்தக் கையால்தான் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்தாள்.

டீக்கடைக்காரர் குடத்தோடு ஓடிவந்தார். அறிவு சிலிண்டரை மூடி வெளியே உருட்டினான். யாரோ ஆட்டோ பிடித்தார்கள். அருணகிரி மட்டும் கொண்டியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். விரல்களைப் பிரித்துத்தான் அவரைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் கையைக் கட்டி, மூக்கில் பிராணவாயு வைத்துப் படுக்கப் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அம்மிணி, கொண்டி போட்டது நாந்தான்."

"தெரியுங்க. ரெண்டு தட்டுக் கேட்டுச்சு. அப்பவே கூப்புட்டேன். லாரி போயிட்டு இருந்துச்சுங்க."

ஒரு வார்த்தை ஏசியிருந்தால் பிழைத்திருப்பார்.

எட்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. அவள் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கதவைச் சாத்தக்கூட அவர் கை நீளவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். கரி பிடித்த வண்டி மூலையில் நின்றது. உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அம்மிணி, கதவைச் சாத்திக் கொண்டியப் போடு."

"எதுக்குங்க?"

"உள்ள எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும். போட்டுட்டுப் போயிரு. சாயங்காலமா வந்து தொற."

சாலம்மாள் கதவில் கட்டுப்போடாத கையை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"நான் போடமாட்டனுங்க. எந்த உசுரை உள்ள வெச்சும் என்னால போட முடியாது. கீழ எறங்குங்க."

அருணகிரி இறங்கினார். பட்டறையில் வேலை நின்றுபோய் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுது முடித்துக் கட்டரை எடுத்தார். வெளிக் கொண்டியை அறுத்துப் போட்டார். ஜன்னல் கம்பிகளைச் சட்டத்தோடு தள்ளித் திறக்கிற மாதிரி கீல் வைத்தார். மத்தியானத்துக்குள் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டு முடித்தார். கன்னுக்குட்டி கொம்பால் முட்டினாலே திறந்துகொள்கிற லேசான தாழ்ப்பாள்.

சாலம்மாள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அருணகிரி கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். கூப்பிடப் போனவர் கூப்பிடவில்லை. தட்டப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அவளாகத் திறக்கும்வரை வெயிலிலேயே நின்றார்.