பொயிலர் பார்க்க வந்தவர்

கரடியனாற்று அரிசி ஆலையில், நெல் அவிக்கிற பொயிலருக்கு நான் விறகு போட்டுக்கொண்டிருந்த காலம். அதைப் பரிசோதிக்க ஒருவர் வந்தார். நெட்டையான மனிதர், முழங்கை தேய்ந்த சட்டை. கைகழுவித் துடைக்காமல் தமது நீராவி அட்டவணைப் புத்தகத்தைத் திறக்கமாட்டார்.

வெப்பமானியை முதலில் கொதிக்கிற கேத்தல் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தார். பிறகு நீராவியின் சூட்டை அளந்து, அட்டவணையில் விரல் வைத்தார்.

“இந்தச் சூட்டுக்கு அமுக்கம் எண்பது இறாத்தல். உங்கட அமுக்க மீற்றர் அறுபது காட்டுது, அது பழுது. இந்தப் பொயிலர் எழுபதுக்கு மேல தாங்காது. நெருப்பை இழுக்கச் சொல்லுங்க.”

முதலாளி விடவில்லை. “ஊறின நெல்லெல்லாம் புளிச்சிப் போயிரும் ஐயா. வெள்ளிக்கிழமை தவறாம பொயிலருக்குச் சந்தனம் வெச்சிக் கும்பிடுறம். மாமாங்கத்துப் பிள்ளையார் பார்த்துக்குவார்.”

“ஓம், பார்த்துக்குவார். இந்தச் சூட்டுக்கு இந்த அமுக்கம் எண்டு விதிச்சதும் அவர்தானே. அதை மீறி எரிக்கச் சொல்ல நான் ஆர், நீங்க ஆர்?”

முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தேன்.

நெல் புளித்துத்தான் போனது. புது மீற்றர் பூட்டிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரி.

நெற்றியில் நீறுமில்லை, கழுத்தில் சிலுவையுமில்லை. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, தெரியாது. ஆனால் அன்று அங்கே நின்றவர்களில் பக்தி கூடியவர் அவர்தான்.