மேலே வெயில், கீழே வெள்ளம்

ஏற்காட்டை அடுத்த மாரமங்கலம் வெங்கடாசலத்துக்குத் தெரிந்த வெளிநாடு ஒன்றே ஒன்றுதான், ஜெர்மனி. போனதில்லை, போகப்போவதுமில்லை. அந்த நாட்டு ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுவார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் அங்கே இன்றைக்கு மழையா வெயிலா என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். தன் காப்பிச் செடி பூக்க மழை வருமா என்று கவலைப்படாத மனுஷன் ஜெர்மனிக்கு மழை வருமா என்று கவலைப்படுகிறாரே என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர் பார்த்தது என்னவோ ஜெர்மனிதான், கவலைப்பட்டது யாரைப் பற்றி என்பது அவருக்கும் அவர் மனைவி அத்தாயிக்கும் மட்டும்தான் தெரியும்.

கதை அவருடைய இளவயதில் தொடங்குகிறது. ஏற்காடு பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஏசுராஜ், கேபிள் டிவி வந்த புதிதில் கடை மாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுத்தினார். ஒயர் இழுக்கக் கம்பங்கள் கிடையாது. மரத்துக்கு மரம்தான் கட்டிப் போக வேண்டும். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் விறுவிறுவென்று ஏறுகிற ஆள் தேடியபோது வெங்கடாசலம் கிடைத்தார். காலையில் சொந்தக் காப்பிக் காட்டில் வேலை, மத்தியானத்துக்கு மேல் ஏசுராஜிடம் வேலை என்று அவர் பொழுது ஓடியது.

மலையில் காற்றடித்தால் டிஷ் திரும்பிக்கொள்ளும். மூட்டம் இறங்கினால் படம் பொரிப்பொரியாகும். அப்போதெல்லாம் வெங்கடாசலம் மாடியேறி டிஷ்ஷை அங்குலம் அங்குலமாகத் திருப்புவார், ஏசுராஜ் கீழே டிவியைப் பார்த்துக்கொண்டு குரல் கொடுப்பார். முதலில் பிடிபடுவது எப்போதும் ஒரு சேனல்தான். ஜெர்மனி அரசாங்கம் உலகத்துக்கெல்லாம் இலவசமாக அனுப்புகிற சேனல். கோட்டுப் போட்ட ஒருவர் சிரிக்காமல் செய்தி வாசிப்பார். அவர் தெளிவாகத் தெரிந்துவிட்டால் மற்ற சேனல்களும் பின்னாலேயே வந்துவிடும். 'ஜெர்மன்காரன் வந்துட்டானுங்களா?' என்று மாடியிலிருந்து வெங்கடாசலம் கத்துவது பஜார் முழுக்கக் கேட்கும். ஏற்காட்டில் அந்தச் சேனலை வேறு எதற்காகவும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சேனல் அவரைக் குழப்பத் தொடங்கியது அப்போதுதான். ஒரு மணி நேரம் ஒரு பாஷையில் பேசுவார்கள், அடுத்த மணி நேரம் அதே ஆட்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். இரண்டு சேனல்காரர்கள் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகிறார்களோ என்று முதலில் நினைத்தார். எதையாவது படித்துக்கொண்டே இருக்கும் ஏசுராஜ்தான் விளக்கினார். பெரிய சண்டை ஒன்றில் தோற்றுப் பெயர் கெட்டுப்போன நாடாம் அது. நாங்கள் இப்போது இப்படி இல்லை என்று உலகத்துக்குச் சொல்ல முதலில் ரேடியோ வைத்தார்களாம். நாட்டைப் பிளந்து நின்ற சுவர் இடிந்த பிறகு, அமெரிக்காக்காரர்கள் பெர்லினில் நடத்திவந்த ஒரு சின்ன டிவி நிலையத்தையும் எடுத்துக்கொண்டு, டிவியும் தொடங்கிவிட்டார்களாம். எல்லாம் அந்த நாட்டு ஜனங்களின் வரிப்பணத்தில். ஆனால் பார்ப்பதற்கு வெளிநாட்டு ஜனங்கள்.

சொந்த ஊர் வரிப்பணத்தில் ஏற்காட்டுக்காரனுக்கு எதற்குப் படம் காட்ட வேண்டும்? வெங்கடாசலம் மரத்தின் மேல் உட்கார்ந்துகூட இதை யோசித்தார். நம்மைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாக நினைக்கட்டும் என்றுதான் என்றார் ஏசுராஜ். கல்யாண வீட்டுக்காரர் மைக் செட் குழாயைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பாமல் ஊர்ப் பக்கம் திருப்பிக் கட்டுவாரே, அந்த மாதிரி என்று வெங்கடாசலம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். ஆனாலும் முழுசாகத் திருப்தி இல்லை.

பிறகு செட் டாப் பாக்ஸ் வந்தது, ஏசுராஜின் கேபிள் தொழில் படுத்தது. பிரியும்போது அவர் ஒரு சின்ன டிஷ்ஷை வெங்கடாசலத்துக்குக் கொடுத்தார். அதை இவர் தன் வீட்டு மேல் வைத்து, பழக்கதோஷத்தில் ஜெர்மன்காரனைப் பிடித்தார். அந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தது அவருடைய ஒரே மகள் ராணி. இங்கிலீஷ் மணி நேரத்தில் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் பழகினாள். மற்ற மணி நேரத்தில் அந்த இன்னொரு பாஷையை வாயசைத்துப் பார்த்துச் சிரிப்பாள். வினை அங்கேதான் முளைத்தது என்று வெங்கடாசலம் பிற்பாடு பல தடவை நொந்துகொண்டார்.

ராணி சேலத்தில் நர்சிங் படித்தாள். வெங்கடாசலம் தன் அக்காள் மகனுக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவளோ அந்தப் பாஷையை முறையாகவே படித்து, பரீட்சை எழுதி, ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலைக்கு உத்தரவும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அக்காளுக்கு என்ன பதில் சொல்வது? ஏற்காட்டுக்கு பஸ் ஏற அவள் பையைத் தூக்கியபோது, வெங்கடாசலம் வேலை இருப்பதுபோலக் காட்டுக்குள் போய்விட்டார். வேலை ஒன்றுமில்லை. பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். அதோடு அப்பனும் மகளும் பேசுவது நின்றுபோனது.

அத்தாயியிடம் மட்டும் ராணி போனில் பேசுவாள். வெங்கடாசலம் காது கொடுக்காததுபோல் காது கொடுப்பார். ஒருநாள் அத்தாயி, 'அப்படியா கண்ணு, நம்ம ஏற்காடு மாதிரியே மலை ஊரா?' என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. அது போதுமாக இருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்க வீம்பு விடவில்லை. அன்றைக்கே ஜெர்மன்காரன் செய்தி முடிந்து காட்டுகிற வானிலைப் படத்தில் மகளுடைய ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

கண்டுபிடித்த விதம் இப்படி. மலை ஊர் என்றால் மேலே இருக்கும். சேலம் கீழே, ஏற்காடு மேலே, சேர்வராயன் சாமி கோயில் அதற்கும் மேலே. பிறந்ததிலிருந்து பார்த்துவந்த உலகம் அது. படத்தில் உச்சியில் ஒரு ஊர்ப் புள்ளி இருந்தது. அதை ஒட்டி நீலமாகத் தண்ணீர் வேறு. ஏற்காடு மாதிரி ஊர் என்றால் ஏரி இல்லாமலா இருக்கும்? அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். வானத்தில் டிஷ்ஷுக்குத் திசை பார்க்கத் தெரிந்தவருக்கு மேப்பில் உச்சி என்றால் வடக்கு என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்றுமுதல் சாயங்காலக் காப்பியும் அந்தப் புள்ளியும் ஒன்றாகத்தான். சேனல் பெயரைச் சுருக்கினார்கள், நிறம் மாற்றினார்கள், செய்தி வாசிக்கிறவர்கள் மாறினார்கள், அவர் புள்ளியை விடவில்லை. ஒரு குளிர்காலத்தில் புள்ளியின் மேல் நாள் தவறாமல் புயல்காற்றுப் படம் காட்டினார்கள். வெங்கடாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சேர்வராயனுக்கு முடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார், காற்றும் அடங்கியது. திருவிழாவில் மொட்டையோடு வந்தவரைப் பார்த்து அத்தாயி என்ன வேண்டுதல் என்று கேட்க, தலையில் பொடுகு என்று சொல்லி மழுப்பினார்.

அதற்கப்புறம் ஒரு கோடையில் ராணி, பொங்கலுக்கு வருவதாக அத்தாயியிடம் சொன்னாள். அப்பா பேசாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாளாம். வெங்கடாசலம் மறுநாளே ஏற்காடு போய்ச் சுண்ணாம்பு வாங்கிவந்து அவள் படுக்கிற அறைக்கு அடித்தார்.

அந்த ஜூன் மாதம் ஜெர்மன்காரன் ஓயாமல் வெள்ளம் காட்டினான். கார்கள் மிதந்தன, படகில் ஜனங்களை ஏற்றினார்கள். வெங்கடாசலம் பதறிப்போய் மேப்புக்குக் காத்திருந்தார். மழை மேகமெல்லாம் படத்தின் அடியில் கிடந்தது. உச்சியில் பளிச்சென்று சூரியன். அப்பாடா என்று இருந்தது. மலை ஊரில் ஏது வெள்ளம்? வெள்ளமெல்லாம் கீழே இருக்கிறவர்களுக்கு வருவது. பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்று இரக்கப்பட்டுக்கொண்டே நிம்மதியாகக் காப்பி குடித்தார்.

ஆனால் அடுத்த மாதம் பேசியபோது ராணி, பொங்கலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு வேலை என்றாள். அந்தப் பொங்கல் போனது, அடுத்த பொங்கலும் போனது. கேட்கும்போதெல்லாம் வேலை. வெங்கடாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வருகிறேன் என்றவள் ஏன் மாறினாள்? அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டாளா? அக்காள் ஏதாவது சொல்லிவிட்டாளா? சுண்ணாம்பு அடித்த அறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அவள் இனி வரவே மாட்டாள் என்கிற பயம் வந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் டிஷ்ஷில் ஜெர்மன்காரனும் வராமல் போனான். திருப்பினார், துடைத்தார், ஒயரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. மகள் போனது போதாதென்று புள்ளியும் போனதில் மனுஷனுக்குக் கை உடைந்தது மாதிரி ஆகிவிட்டது. அத்தாயியையும் அவள் போனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஏசுராஜின் வீட்டுக்குப் போனார்.

ஏசுராஜுக்கு இப்போது தலை முழுக்க நரை, படிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த டிவிக்குக் காலம் மாறிவிட்டது என்றார். அவர்கள் தங்கள் சொந்தப் பாஷையில் டிவி காட்டுவதையே எப்போதோ நிறுத்திவிட்டார்களாம், இங்கிலீஷும் மற்ற பாஷைகளும்தானாம், அதுவும் போன் பக்கம் போய்விட்டதாம். போனில் தமிழிலேயே பேசுகிறார்கள் என்று எடுத்தும் காட்டினார். ஜெர்மனி அரசாங்கம் ஜெர்மன் பாஷையை நிறுத்திவிட்டுத் தமிழ் பேசுவது எதில் சேர்த்தி என்று வெங்கடாசலம் மலைத்துப்போனார். அது கிடக்கட்டும், அந்த மேப்பை மட்டும் காட்டினால் போதும் என்றார். எந்த ஊர் என்று ஏசுராஜ் கேட்டார். பெயர் தெரியாது, உச்சியில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற மலை ஊர் என்றார் இவர்.

ராணி எப்போதோ தன் இருப்பிடத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். ஏசுராஜ் அதைத் தொட்டதும் மேப் வந்தது. உச்சியில் இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடிக்குப் போய், நாட்டின் கடைக்கோடியில் நின்றது.

"இது கீழயல்லோ இருக்குதுங்க? மலை மேலதான இருக்கோணும்?" என்றார் வெங்கடாசலம்.

"ஏனுங்க, அந்த நாட்டுல மலையெல்லாம் தெக்கால இருக்குதுங்க. நீங்க சொல்ற உச்சி வடக்குங்க, அது கடலு, ஏரியில்ல. அங்க தேடுனாக்கூட ஒரு மேடு கிடைக்காது."

வெங்கடாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியானால் இத்தனை வருஷமும் யாருடைய ஊரைப் பார்த்தார்? அந்த மொட்டை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இதையெல்லாம் வரிசையாகக் குழம்பிக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் நினைவுக்கு வந்தது. படத்தின் அடியில் கிடந்த மேகங்கள். யார் பெற்ற பிள்ளைகளோ என்று காப்பி குடித்தது. ராணிக்குப் போனைப் போடு என்று அத்தாயியிடம் சொன்னார். அத்தாயி மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தாள்.

"கண்ணு, அந்த வெள்ளத்தப்ப நீ அங்கயா இருந்த?"

ராணி நடந்ததைச் சொன்னாள்.

"மலையில பேஞ்சதெல்லாம் ஆத்துல எறங்கி, ஆஸ்பத்திரிக்குள்ள இடுப்பளவு தண்ணிங்கப்பா. நோயாளிகளத் தூக்கிட்டு மாடிக்கு ஓடுனோம். அம்மா பயந்துக்கும்னு சொல்லல. நீங்க தெனமும் அந்த டிவி பாக்கறீங்கன்னு அம்மா சொல்லியிருந்துது. பாத்துட்டு ஒரு வார்த்தையாச்சும் கேப்பீங்கன்னு போனக் கையிலயே வச்சுட்டிருந்தேன். கேக்கலீங்க. சரி, அப்பாவுக்கு நான் வேண்டாம்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன்."

வெங்கடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசுராஜ் எழுந்து உள்ளே போய்விட்டார். உச்சிப் புள்ளி, ஏரி, புயல், மொட்டை, வெள்ளத்தன்று மேலே அடித்த வெயில் என்று அவர் முன்னுக்குப் பின் முரணாக எல்லாவற்றையும் சொன்னார். தெனமும் பாத்தேன் சாமி, தப்பான ஊரப் பாத்துட்டேன் என்று முடித்தார். ராணி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் தெரியவில்லை.

"அந்த ஊருக்கு நான் ஒருதடவகூடப் போனதில்லீங்கப்பா" என்றாள் கடைசியில்.

"நல்ல ஊருதான் கண்ணு, காத்துதான் நொம்ப சாஸ்தி. போனீன்னா குளுருக்குச் சொட்டர் எடுத்துட்டுப் போ" என்றவர், கூடவே சொன்னார்: "அதுக்கு முந்தி ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போ சாமி."