படியிறங்கிய பின் வரும் பதில்

ஆல்வின் ராப்புக்கு நாக்கு வாயில் இல்லை, காலில்தான் இருந்தது. ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தெருக்கதவிலிருந்து நாலாம் மாடிக்கு எழுபத்திரண்டு படி. இரண்டாம் மாடியில் அவர், மூன்றாம் மாடியில் நான். யாராவது ஏதாவது கேட்டால் மனிதர் அந்த இடத்தில் மரமாக நிற்பார். நகர்ந்து போய்ப் படியில் கால் வைத்ததும் பதில் வந்துவிடும். அதுவும் சும்மா பதில் இல்லை, கேட்டவர் வாயடைத்துப்போகிற பதில்.

இப்படித் தாமதமாக வருகிற பதிலுக்கு இந்த ஜெர்மன்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ட்ரெப்பன்விட்ஸ். படிக்கட்டையும் வேடிக்கைப் பேச்சையும் நடுவில் இடம் விடாமல் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கையுறைக்குக் 'கைச்செருப்பு' என்று பெயர் வைத்த ஜனங்கள் வேறென்ன செய்வார்கள்? தமிழில் சொல் என்றால் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று சொல்லிப் பார்ப்பேன். ஆனால் அதில் படிக்கட்டு இல்லையே!

மற்றவர்களுக்கு அப்படித் தோன்றினால் 'அடடா, அப்பவே சொல்லியிருக்கலாமே' என்று முனகிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். ராப் திரும்பி வருவார். அதுதான் அவருடைய விசேஷம்.

ஒருநாள் மழையில் நனைந்து வந்தவரைத் தரைத்தளத்து ஃப்ராவ் கிர்ன் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு எங்கள் படிக்கட்டைக் காவல் காப்பதுதான் பிறவிக் கடமை.

"ஹெர் ராப், உங்க ஷூவுல இருக்கிற மண்ணுல உருளைக்கிழங்கே போடலாம் போலிருக்கே?"

ராப் ஷூவைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பேசாமல் மேலே ஏறினார். நான் காய்கறிப் பையோடு பின்னாலேயே ஏறினேன். இரண்டாம் மாடி போய்ச் சேர்ந்தவர் சட்டென்று திரும்பி, என்னையும் இடித்துக்கொண்டு, கடகடவென்று இறங்கிப் போய் மணி அடித்தார்.

"உருளைக்கிழங்கு வேண்டாம் ஃப்ராவ் கிர்ன், வெங்காயம் போடுங்க. தோலுரிக்கத்தான் நீங்க இருக்கீங்களே!"

"எந்த உருளைக்கிழங்கு?" என்றார் அந்த அம்மாள். பாவம், மறந்தே போயிருந்தார்.

முப்பத்தொரு வருஷமாக இரும்புக் கடையில் ஆணியும் திருகாணியும் விற்கிறவர் ராப். 'ஆறா, எட்டா' என்று அளவு கேட்டால் மட்டும் உடனே பதில் சொல்வார். கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டிருப்பார்கள், பதில் வந்த நேரத்தில் இவர் படியில் இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

நாலாம் மாடியில் ரோஸ்விதா நேகெலே. நேகெலே என்றால் இவர்கள் ஊர்ப் பேச்சில் குட்டி ஆணி. விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள்! பல் மருத்துவரிடம் உதவியாளர். கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. துக்கத்தில் தின்று தின்று ஏறுகிற சதைக்கும் இங்கே ஒரு சொல் உண்டு, 'துக்கக் கொழுப்பு'. ரோஸ்விதா தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, "இது என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன சொத்து" என்று தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேட்டால் இரண்டாம் மாடிக் கதவு லேசாகத் திறக்கும். அதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

பிப்ரவரியில் ரோஸ்விதாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. இந்த ஊரில் 'கூட்டும் வாரம்' என்று ஒன்று உண்டு. அந்தப் பெயர் எழுதிய சின்னப் பலகை யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது அவர்கள் பொறுப்பு. முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். கடவுளையே கும்பிடாதவன்கூட இந்தப் பலகைக்குப் பயப்படுவான். முட்டி வெட்டிய பிறகும் பலகை முறைப்படி ரோஸ்விதா கதவுக்கு வந்தது. ஆனால் அவர் துடைப்பத்தைத் தொடுவதற்குள் படிக்கட்டு பளபளக்கும், பலகை அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். ஐந்து வாரத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் வரை இப்படியே நடந்தது.

"நீங்கதானே கூட்டினது?" என்று ரோஸ்விதா ஒருநாள் நேராகவே கேட்டார்.

"காத்து அடிச்சிருக்கும்" என்றார் ராப்.

காற்று அடித்துப் படி துடைத்ததாம், வாளி சோப்புத் தண்ணீரோடு! தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது எனக்கு.

செப்டம்பர் கடைசியில் ரோஸ்விதா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். ஏரிக்கரை ஊரில் இருக்கும் அவருடைய அக்கா கட்டடத்தில் ஒரு வீடு காலியாம். லிஃப்ட் உண்டு. சனிக்கிழமைக்குள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும்.

"போகப் போறீங்களா?"

"முட்டி போகச் சொல்லுது." காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "இருன்னு ஒரு வார்த்தை அந்த மனுஷன் சொன்னா இருந்துடுவேன். இருபது வருஷமா ஊர்க்காரங்க வாயையெல்லாம் திறக்க வெச்சவ நான். இவர் வாயைத் திறக்க முடியலையே!"

எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கே ராப்பின் இரும்புக் கடைக்குப் போனேன்.

"வாங்க, என்ன அளவு வேணும்?" என்றார் ராப்.

"ஆணியெல்லாம் வேண்டாம். வாயில என்ன, மவுல்டாஷேயா வெச்சிருக்கீங்க?"

மவுல்டாஷே இவர்கள் ஊர்க் கொழுக்கட்டை. பெயருக்கே 'வாய்ப் பை' என்றுதான் அர்த்தம், அதனால் அவருக்கு நன்றாகவே உறைத்தது. விஷயத்தைச் சொன்னேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராப் நாலாம் மாடிக்கு ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை. நான் என் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், யார் இல்லையென்றது?

"நாளைக்கு அக்காவுக்குப் பதில் சொல்லணும்" என்றார் ரோஸ்விதா. "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா, ஹெர் ராப்?"

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏரிக் காத்து... முட்டிக்கு நல்லதுன்னு சொல்வாங்க" என்றார் ராப்.

நாசமாய்ப் போச்சு! மேலே கதவு மூடிக்கொண்டது. ராப் இறங்கினார். ஆறாவது படியில் நின்றார், 'அய்யோ' என்றார், திரும்பி ஏறினார். கதவின் முன்னால் நின்றார். மணி அடிக்கும் சத்தம் வரவில்லை. மறுபடி இறங்கினார். மறுபடி ஏறினார். நாலாவது தடவை ஏறும்போது நானே ஓடிப்போய் மணி அடித்துவிடலாமா என்று செருப்பை மாட்டிவிட்டேன்.

அப்போது மேலே கதவு தானாகத் திறந்தது. டொக், டொக் என்று கைத்தடிச் சத்தம். ரோஸ்விதா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, ஆறாவது படியில் பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பேச்சு படியிலதான் வரும்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். நான் படிக்கே வந்துட்டேன். இப்பச் சொல்லுங்க."

ராப் இரண்டு படி கீழே கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"கூட்டினது காத்து இல்ல. நான்தான்."

"அது தெரியும். அடுத்தது?"

"போகாதீங்க."

"யாரைச் சொல்றீங்க? ஃப்ராவ் நேகெலேயையா?"

ராப் எச்சில் விழுங்கியது என் கதவு வரைக்கும் கேட்டது. "போகாதே, ரோஸ்விதா" என்றார்.

பதினெட்டு வருஷமாக 'நீங்க, நீங்க' என்று இருந்தவர்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோஸ்விதா தன் பக்கத்தில் படியைத் தட்டிக் காட்டினார். ராப் ஏறி வந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஃப்ராவ் கிர்னின் குரல் வந்தது. "யார் அங்க படியில உக்காந்திருக்கிறது? அஞ்சு நாளாச்சு, இன்னும் ஒருத்தரும் துடைக்கல! யாரோட கூட்டும் வாரம் இது?"

பலகை ரோஸ்விதா கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ராப் எழுந்திருக்கவில்லை, ஒரு படி ஏறவில்லை, ஒரு படி இறங்கவில்லை.

"எங்களோடது, ஃப்ராவ் கிர்ன்!" என்றார்.

கீழே அந்த அம்மாள் வாயடைத்து நின்றார். மேலே ரோஸ்விதா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

ரோஸ்விதா அக்கா ஊருக்குப் போகவில்லை. இரண்டாம் மாடிக்கு, ராப் வீட்டுக்கு இறங்கி வந்தார், முப்பத்தாறு படி மிச்சம். வாசல் மணிக்குப் புதுப் பெயர்த்தகட்டை ராப்பே கடையில் செய்துகொண்டு வந்து திருகினார். 'நேகெலேராப்' என்று இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நின்றன.

"நடுவுல இடம் விட மறந்துட்டீங்களே!" என்றார் ஃப்ராவ் கிர்ன்.

"இடம் விட்டா தூசி சேரும்" என்றார் ராப், திருகாணியை முடுக்கிக்கொண்டே. "அப்புறம் அதையும் யார் கூட்டுறது?"